சொற்செல்வம் சேர்க்கும் வழி



மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்கு வரும் மலை ரயிலில் உங்களுள் பலர் ஏறி வந்திருப்பீர்கள். அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, 2,203 மீட்டர் உயரத்தில் வந்து நிற்கிறது. 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் இந்தப் பாதை திறக்கப்பட்டது. கல்லாற்றைத் தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் பொருந்திய மற்றொரு தண்டவாளம் தொடங்குகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பற்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு மேலே செல்கிறது. ஒரு பல்லைப் பற்றிய பிறகே அடுத்த பல்லுக்குப் போகிறது.

இந்தப் பாதையின் சரிவைக் குறிக்க ஆங்கிலத்தில் 'கிரேடியன்ட்' என்று ஒரு சொல் உண்டு. ஏறத்தாழப் பன்னிரண்டு அடி தூரம் சென்றால் ஓர் அடி உயர்வது இம்மலைப் பாதையின் மிகச் செங்குத்தான பகுதியின் கிரேடியன்ட். இலத்தீன் மொழியில் 'கிராடஸ்' என்றால் அடி அல்லது படி என்று பொருள். அந்த ஒரு சொல்லிலிருந்து எத்தனை சொற்கள் கிளைத்திருக்கின்றன பாருங்கள். படிப்படியாக நிகழ்வது 'கிராஜுவல்'. கல்வியின் படிகளில் ஏறிப் பட்டம் பெற்றவர் 'கிராஜுவேட்'. இருந்த படியிலிருந்து கீழே இறக்குவது 'டிகிரேட்'. பின்னோக்கி அடி வைப்பது 'ரெட்ரோகிரேட்'. நீங்கள் படிக்கும் வகுப்பைக் குறிக்கும் 'கிரேட்' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ரயில் பாதையில் கேட்ட ஒரு சொல் ஐந்து சொற்களை நமக்கு அறிமுகப்படுத்திவிட்டது.

ஆங்கிலத்தில் உயர்ந்த சொல்வளம் பெறுவது எப்படி என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். 'ஐயா, பாடப் புத்தகம் புரிகிறது. ஆனால் நாளிதழைப் பிரித்தால் வரிக்கு இரண்டு சொற்கள் தெரியவில்லை. நேர்முகத் தேர்வில் வாய் திறக்கவே அச்சமாக இருக்கிறது. கடினமான சொற்களின் பட்டியல் ஒன்று கொடுங்கள். மனப்பாடம் செய்துவிடுகிறோம்' என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுடைய ஆர்வம் பாராட்டத் தக்கது. ஆனால் பட்டியலைக் கேட்கும்போது எனக்குச் சற்று அச்சம் தோன்றுகிறது. அதற்குக் காரணம் உண்டு. நானும் ஒரு காலத்தில் பட்டியல் மனப்பாடம் செய்தவன்.

அப்போது நான் பள்ளியின் இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் பெற்றோர் குன்னூருக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் தொழிலாளர். நாங்கள் தோட்டத்து லைன் வீட்டில் குடியிருந்தோம். ஐப்பசி மழையில் எங்கள் கூரை ஒழுகத் தொடங்கியது. தோட்ட நிர்வாகத்திற்கு ஒரு மனு எழுதித் தரும்படி என் தந்தையார் சொன்னார். லைன் முழுவதிலும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் புலமையைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். வீடு என்பதற்கு 'ஹவுஸ்' என்று எழுத மனம் வரவில்லை. 'டொமிசைல்' என்று எழுதினேன். 'லிக்விட்' என்றால் நீர்மம் என்பது தெரியும். ஆதலின், வீட்டுக்குள் நீர் புகுவதைக் குறிக்க 'லிக்விடேஷன்' என்ற சொல்லைக் கண்டெடுத்து, எங்கள் டொமிசைல் இடையறாத லிக்விடேஷனில் இருப்பதாக எழுதினேன். என் தந்தையார் அந்தத் தாளை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

லிக்விடேஷன் என்பது ஒரு நிறுவனத்தைக் கலைத்து, சொத்துகளை விற்றுக் கடன்களைத் தீர்ப்பதைக் குறிக்கும் வணிகச் சொல் என்பது எனக்குத் தெரியாது. மனு கணக்குப் பிரிவுக்குப் போயிற்று. அங்கே அது என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு மாதம் அப்படியே கழிந்தது. இரவில் என் தாயார் பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி வைப்பார்; என் தங்கைமார் இருவரும் சுவரோரமாய் ஒடுங்கிப் படுத்திருப்பர். பிறகு எங்கள் பகுதியில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் என் நகலை வாங்கிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. வேறொரு தாள் எடுத்து நான்கே வரி எழுதினார். 'தி ரூஃப் லீக்ஸ்' என்பது முதல் வரி. அந்தக் கூரையின் கீழே மூன்று பிள்ளைகள் உறங்குகிறார்கள் என்பது இரண்டாம் வரி. அவர் எழுதிய சொற்கள் அத்தனையும் நான் ஆறாம் வகுப்பிலேயே அறிந்தவை. அந்த வாரமே ஆள் வந்து கூரையைச் செப்பனிட்டான்.

என் தந்தையார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அந்த மழை ஒரு மாதம் வீட்டுக்குள் பெய்ததற்கு என் சொற்பட்டியல்தான் காரணம் என்பதை நானே உணர்ந்தேன். ஆகவே, இன்று நான் சொல்லப் போகிறவை வெறும் புத்தக அறிவால் சொல்லப்படுபவை அல்ல.

முதலாவதாக, உயர்ந்த சொல் என்பது எது? நீளமான சொல் உயர்ந்த சொல் அன்று. பிறருக்குத் தெரியாத சொல்லும் அன்று. கருதிய பொருளைக் கூடாமலும் குறையாமலும் சுட்டுவதே உயர்ந்த சொல். நம் மலையிலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம். குன்னூர் மலைப்பாதையில் வெண்ணிறமாய் ஏதோ ஒன்று வந்து சூழ்கிறது. அதை 'மிஸ்ட்' என்பதா, 'ஃபாக்' என்பதா? இரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். வானிலை அறிஞர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பொருள்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அது மிஸ்ட். ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே பார்வை மறைந்துவிட்டால் அது ஃபாக். தூசியாலும் புகையாலும் வானம் மங்கினால் 'ஹேஸ்'. மழையிலும் இவ்வாறே. துளியின் விட்டம் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த தூறலுக்கு 'டிரிசில்' என்று பெயர். புல்லின் மேல் நீராய் நிற்பது 'டியூ'. மார்கழி, தை மாதங்களில் உதகையின் புல்வெளியில் வெள்ளைப் பொடியாய் உறைந்து கிடப்பது 'ஃப்ராஸ்ட்'. இவற்றுள் ஒன்றேனும் நீண்ட சொல்லா? அனைத்தும் ஓரிரண்டு அசைச் சொற்கள். எனினும் இவற்றைப் பிரித்தறிந்து எழுதுகின்ற மாணவன் ஆங்கிலத்தில் வல்லவன் என்பதில் ஐயமில்லை.

ஆங்கிலத்தில் எளிய சொல்லும் அரிய சொல்லும் அருகருகே நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1066ஆம் ஆண்டில் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி நெடுங்காலம் கோலோச்சியது. திருச்சபையிலும் கல்விக் கூடங்களிலும் இலத்தீன் வழங்கியது. வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலமே நிலைத்தது. ஆதலால் ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் உண்டாயின. குடியானவர் 'பிகின்' என்றதை அரசவையினர் 'கமென்ஸ்' என்றனர். 'ஹெல்ப்' என்பதற்கு 'அசிஸ்ட்', 'ஆஸ்க்' என்பதற்கு 'இன்குவயர்' என்று இணைகள் தோன்றின. முன்னது வீட்டுச் சொல். பின்னது அலுவலகச் சொல். தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒருவன் 'அசிஸ்ட்' என்று கூவ மாட்டான். 'ஹெல்ப்' என்றே கூவுவான்.

தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தி அன்று. செய்யுள் இயற்றுவதற்குரிய சொற்களைத் தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்திருக்கிறார். திரிசொல்லை இரு வகையாகவும் கூறுகிறார். ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வருவது ஒரு வகை. ஒரு சொல்லே பல பொருள்களைத் தருவது மற்றொரு வகை. நீங்கள் ஆங்கிலத்தில் கண்டு மலைக்கின்ற சிக்கல்கள் அனைத்தும் இவ்விரண்டனுள் அடங்கும். தமிழ் வகுப்பில் இலக்கணம் கற்கும்போது ஆங்கிலத்திற்கும் சேர்த்தே கற்கிறோம் என்று கருதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, சொற்களைத் தனித்தனியாகக் கற்காமல் குடும்பம் குடும்பமாகக் கற்க வேண்டும். அதற்கு நீலகிரியே ஒரு பள்ளிக்கூடம். குன்னூரில் பாஸ்டியர் நிலையம் இருக்கிறது. 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிலையம் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதில் பெரும் பெயர் பெற்றது. அந்நோய்க்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் 'ஹைட்ரோஃபோபியா'. நோயாளி நீரை விழுங்க இயலாமல் நீரைக் கண்டே நடுங்குவதால் இந்தப் பெயர் வந்தது. கிரேக்க மொழியில் 'ஹைட்ரோ' என்பது நீர். 'ஃபோபியா' என்பது அச்சம். இனி அங்கிருந்து பைக்காராவுக்கு வாருங்கள். அங்கே 1932 முதல் நீர்வீழ்ச்சியின் விசையால் மின்சாரம் எடுக்கப்படுகிறது; அது 'ஹைட்ரோ எலக்ட்ரிக்'. வேதியியல் வகுப்பில் நீரை உண்டாக்கும் வாயு 'ஹைட்ரஜன்'. ஹைட்ரோவின் குடும்பம் இது. ஃபோபியாவின் குடும்பமும் இருக்கிறது. அடைபட்ட இடத்தைக் கண்டு அஞ்சுவது 'கிளாஸ்ட்ரோஃபோபியா'. அயலாரைக் கண்டு அஞ்சி வெறுப்பது 'ஸெனோஃபோபியா'. தடுப்பு மருந்தைக் குறிக்கும் 'வாக்சின்' என்ற சொல்லோ, பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 1796இல் எட்வர்டு ஜென்னர் பசுக்களுக்கு வரும் அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார். அந்த நினைவு ஒரு சொல்லுக்குள் இன்றும் வாழ்கிறது.

மலைச் சரிவெங்கும் நிற்கும் தைல மரத்தைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 1843 முதல் இங்கே வேரூன்றிய மரம் அது. அதன் பெயர் 'யூகலிப்டஸ்'. 'யூ' என்றால் நன்கு. 'கலிப்டோஸ்' என்றால் மூடப்பட்டது. மொட்டின்மேல் ஒரு மூடி நன்றாகக் கவிந்திருப்பதால் அந்தப் பெயர். இனிமையான ஒலி 'யூஃபனி'. ஒருவரைப் புகழ்ந்துரைப்பது 'யூலஜி'. மூடியை அகற்றினால் என்ன ஆகும்? மறைந்திருந்தது வெளிப்படும். அதுவே 'அபோகலிப்ஸ்'. விவிலியத்தின் இறுதி நூல் உலக முடிவைப் பற்றிய திருவெளிப்பாட்டைக் கூறுவதால், இக்காலத்தில் அச்சொல் பேரழிவைக் குறிக்கிறது. தலைவலிக்குத் தடவும் தைலமும் உலகத்தின் முடிவும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று அறிந்த மாணவன் இவ்விரு சொற்களையும் எளிதில் மறப்பானா?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மலையை நீலமாக்கும் நம் குறிஞ்சி 2018ஆம் ஆண்டிலும் மலர்ந்தது. தாவர நூலார் அதன் இனத்தை 'ஸ்ட்ரோபிலாந்தஸ்' என்பர். 'ஆந்தோஸ்' என்றால் கிரேக்கத்தில் பூ. பொன்னிறப் பூவாகிய சாமந்தி 'கிரிசாந்திமம்'. பூக்களைக் கொய்து தொகுப்பது 'ஆந்தாலஜி'. பல ஆசிரியர்களுடைய நல்ல எழுத்துகளின் தொகுப்பை அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். நம்மவர் நூல்களுக்கு மாலை, கோவை, கொத்து என்று பெயரிட்ட அதே கருத்து, கடல் கடந்த கிரேக்கர்க்கும் தோன்றியிருப்பதைக் கண்டு மகிழலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. வேரை மட்டும் அறிந்தால் போதாது. 'லிக்விட்' என்ற வேர் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த அறிவுதான் என்னைக் கவிழ்த்தது. ஒருவருடைய பாட்டனார் பெயரை அறிந்ததால் அவரை அறிந்தவராகிவிட மாட்டோம். அவர் இப்போது என்ன தொழில் செய்கிறார், யாருடன் பழகுகிறார் என்பதும் தெரிய வேண்டும். சொற்களுக்கும் நட்பு உண்டு. ஆகவே மூன்றாவதாக நான் கூற விரும்புவது, ஒவ்வொரு சொல்லின் கூட்டாளிகளையும் அறிந்துகொள்ளுங்கள் என்பதே. 'ஸ்ட்ராங்', 'பவர்ஃபுல்' என்ற இரண்டும் வலிமையையே குறிக்கும். எனினும் தேநீர்க் கடையில் 'ஸ்ட்ராங் டீ' என்றுதான் கேட்கிறோம். 'பவர்ஃபுல் டீ' என்று எவரும் கேட்பதில்லை. மழைக்கு 'ஹெவி' துணையாகும். காற்றுக்கு 'ஸ்ட்ராங்' துணையாகும். நாமும் கனமழை என்கிறோம், பலத்த காற்று என்கிறோம். கனத்த காற்று என்பதில்லை. இந்த உறவுகளை எந்த விதியும் கற்பிக்காது. படித்துப் படித்துத்தான் காதுக்குப் பழக்க வேண்டும்.

சொல்லுக்கு மணமும் உண்டு. 'ஃபேமஸ்' என்பவரும் பலரறிந்தவர். 'நொடோரியஸ்' என்பவரும் பலரறிந்தவர். முன்னவர் புகழால் அறியப்பட்டவர். பின்னவர் பழியால் அறியப்பட்டவர். மெலிந்த ஒருவரை 'ஸ்லெண்டர்' என்றால் மகிழ்வார். 'ஸ்கின்னி' என்றால் முகம் சுளிப்பார். இறந்தார் என்று சொல்ல மனமின்றி இயற்கை எய்தினார் என்கிறோம். அதை நம் இலக்கணம் மங்கலம் என்று கூறும். ஆங்கிலத்தில் அது 'யூஃபமிசம்'. யூகலிப்டஸில் கண்ட அதே 'யூ' இங்கும் வந்திருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு தொழிலார் தமக்குள் வழங்கும் தனிச் சொற்களைக் குழூஉக்குறி என்போம், ஆங்கிலத்தில் 'ஜார்கன்'.

தேயிலைத் தொழிற்சாலையின் குழூஉக்குறிகளைக் கேளுங்கள். 'விதர்' என்றால் வாடுதல். பூ வாடினால் வருந்துகிறோம். கவிதையில் நம்பிக்கை வாடினால் அது துயரம். ஆனால் தொழிற்சாலையில் பறித்த கொழுந்து நன்றாக வாடினால்தான் நல்ல தேயிலை கிடைக்கும். அங்கே 'விதர்' நல்ல சொல். 'ஃபிளஷ்' என்பது நாணத்தால் முகம் சிவப்பதைக் குறிக்கும்; நீரைப் பாய்ச்சிக் கழுவுவதையும் குறிக்கும்; தேயிலைத் தோட்டத்திலோ செடியின் புதிய தளிர்ப்பைக் குறிக்கும். தொல்காப்பியர் கூறிய இரண்டாம் வகைத் திரிசொல் இதுதான். தோட்டத்துப் பிள்ளைகள் இத்தகைய சொற்களைத் தாய் தந்தையரிடமிருந்தே கேட்டு வளர்கிறார்கள். தமக்கு ஆங்கிலமே தெரியாது என்று எண்ணியிருக்கும் பிள்ளைகளின் வீட்டிலும் ஆங்கிலச் சொற்கள் சில அடுப்போரத்திலேயே அமர்ந்திருக்கின்றன.

நான்காவதாக, சேர்த்ததைக் காக்கும் வழி. நம் முன்னோர் சொல்வளத்திற்கு நிகண்டுகளைக் கற்றனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்பவை பொருள் வாரியாகச் சொற்களைத் தொகுத்துத் தந்த நூல்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று அவை தொகுதி தொகுதியாகச் செல்லும். ஆங்கிலத்தில் 1852இல் ரோஜே என்பவர் வெளியிட்ட 'தெசாரஸ்' என்ற நூலும் பொருள் வாரியான தொகுப்பே. தெசாரஸ் என்றால் கருவூலம் என்று பொருள். நிகண்டு கற்ற மரபில் வந்தவர்கள் அந்த நூலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

புகழ்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தால் உங்களுக்கு ஒரு நல்ல முறை கிடைக்கும். அதன் முதற் பகுதி 1884இல் வெளிவந்தது. 1928இல் முழுமை பெற்றது. அதற்காகப் பல நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் நூல்களைப் படித்து, சிறு தாள்களில் ஒரு சொல்லையும், அது வந்த வாக்கியத்தையும், நூலின் பெயரையும் எழுதி அனுப்பினார்கள். சொல்லை வாக்கியத்திலிருந்து பிரிக்காமல் எடுத்ததே அம்முறையின் சிறப்பு. மீனை நீரோடு எடுத்தால்தானே உயிரோடு இருக்கும்? நீங்களும் சிறு தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு மூன்று சொற்கள் போதும். சொல்லை எழுதுங்கள், அதைக் கண்ட வாக்கியத்தை எழுதுங்கள், அதன் வேரையும் உறவுச் சொற்களையும் எழுதுங்கள், இறுதியில் உங்கள் ஊரைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அச்சொல்லை வைத்து நீங்களே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த நான்காவது வரியை எழுத முடியாவிட்டால் அந்தச் சொல் இன்னும் உங்களுடையது ஆகவில்லை என்று கொள்ளுங்கள்.

எழுதியதை மீண்டும் பார்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்து, 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கற்றவுடன் மறதி மிக விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் வருகிறது என்பதும், ஒரே அமர்வில் பல முறை ஓதுவதைவிட இடைவெளி விட்டு ஓதுவதே நிலைக்கும் என்பதும் அவர் கண்டவை. ஆதலால் இன்று எழுதிய தாளை நாளை ஒரு முறை பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். தேர்வுக்கு முந்திய இரவில் முந்நூறு சொற்களை விழுங்குகிறவனைவிட நீங்கள் மிகுதியாகச் சேமிப்பீர்கள். நாளுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றும் இரண்டு உறவினரை அழைத்து வந்தால் மூவாயிரம்.

மாணவர்களே, இறுதியாக ஒரு செய்தி. ஆங்கிலம் கற்பதால் நம் மொழியைத் தாழ்வாக எண்ணும் நோய் சிலருக்கு வந்துவிடுகிறது. அந்த நோய்க்கும் இந்த மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1834 ஜூன் மாதம் சென்னையில் வந்து இறங்கிய மெக்காலே, அப்போது உதகையில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கைக் காணப் பல்லக்கில் மலையேறி வந்தார். இங்கே சில மாதங்கள் தங்கி, பின்பு கல்கத்தா சென்றார். 1835 பிப்ரவரி 2ஆம் நாள், இந்தியாவில் உயர்கல்வி ஆங்கிலத்திலேயே அமைய வேண்டும் என்ற தம் குறிப்பை எழுதினார். ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அலமாரித் தட்டுக்குக் கீழைநாட்டு இலக்கியம் முழுவதும் ஈடாகாது என்ற கருத்து அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. வடமொழியோ அரபு மொழியோ தமக்குத் தெரியாது என்று அதே குறிப்பில் அவரே ஒப்புக்கொண்டும் இருக்கிறார்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் மற்றொருவர் இந்த மலைக்கு வந்தார். கனடாவில் பிறந்த மொழியறிஞர் எமனோ, 1935க்கும் 1938க்கும் இடையில் இந்தியாவில் தங்கி, தோடர், கோத்தர், படகர் முதலியோரின் மொழிகளைக் கற்றார். கோத்தர் ஏழே ஊர்களில் வாழும் சிறு சமூகத்தினர். கொல்லு வேலையிலும் மண்பாண்டத் தொழிலிலும் இசையிலும் வல்லவர்கள். அவர்களுள் ஆங்கிலம் கற்று ஆசிரியப் பணி புரிந்த சுல்லி என்பவர், தம் மக்களின் கதைகளைத் தம் தாய்மொழியில் எமனோவுக்குச் சொல்லி, ஆங்கிலத்தில் விளக்கினார். 1944 முதல் 1946 வரை கலிஃபோர்னியாவில் வெளிவந்த 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' என்ற தொகுதிகள் அவ்வாறு பிறந்தவை. பின்னர் எமனோவும் பர்ரோவும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியில், தமிழ்ச் சொற்களோடு கோத்தச் சொற்களும் தோடச் சொற்களும் உடன்பிறந்தாராக ஒரே வரிசையில் நிற்கின்றன. மெக்காலே விரும்பிய ஆங்கிலக் கல்வியைப் பெற்ற ஒரு மலைமகன், தன் மொழியை உலகத்தார் முன் நிமிர்ந்து நிற்கச் செய்வதற்கு அந்த ஆங்கிலத்தையே கருவியாகக் கொண்டார். ஆங்கிலம் கற்பவர்க்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலமும் நம்மிடம் கடன் பெறக் கூசியதில்லை. கட்டுமரம் அங்கே 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, அந்தக் 'கொரண்டம்' நம் குருந்தமே. அவலாஞ்சியிலும் முக்கூர்த்தியிலும் புல்வெளிகளுக்கிடையே பள்ளத்தாக்குகளில் அடர்ந்திருக்கும் காட்டை உலகத் தாவர அறிஞர்கள் 'ஷோலா' என்று எழுதுகிறார்கள். அது நம் சோலைதான். எனவே ஆங்கிலத்தின் வாயிலில் நாம் கையேந்தி நிற்கவில்லை. கொடுத்தும் வாங்கியும் வாழும் அண்டை வீட்டாராய் நிற்கிறோம்.

நீலகிரியில் வளரும் பிள்ளை வீட்டில் படக மொழியும், பள்ளியில் தமிழும், கூடலூர்ச் சந்தையில் மலையாளமும், எல்லையில் கன்னடமும் கேட்கிறது. புதிய சொல்லைக் கேட்டுப் பொருளை உய்த்துணரும் பழக்கம் அதற்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. அந்தப் பழக்கத்தையே ஆங்கிலத்துக்கும் பயன்படுத்துங்கள். அச்சத்தை விடுங்கள், அதைவிட முக்கியமாக, ஆடம்பரத்தையும் விடுங்கள்.

அந்த முதிய கணக்கர் எழுதிய நான்கு வரித் தாளின் நகலை என் தந்தையார் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். என் முதல் மனுவின் நகலையும் அதன் கீழேயே வைத்திருந்தார் என்பது அவர் மறைவுக்குப் பின்னரே எனக்குத் தெரிந்தது. இரண்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன. இக்காலத்து மாணவர் எவரேனும் பட்டியல் கேட்டு வந்தால், அவ்விரண்டையும் எடுத்துக் காட்டுகிறேன். பிறகு ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, 'உங்கள் வீட்டில் இப்போது எது செப்பனிடப்பட வேண்டுமோ, அதை எழுதுங்கள்' என்கிறேன். நீங்களும் இன்றிரவு அவ்வாறே தொடங்குங்கள்.